வீட்டு ஜிக்ஜாக் மிஷின்ல ஓவர்லாக் போட்டா ஓரம் சுருண்டுக்குது, எப்படி சரி பண்றது?

வலங்கைமான்_தையல்:

எல்லாருக்கும் வணக்கம். நான் கும்பகோணம் பக்கத்துல வலங்கைமான் சைடு. வீட்ல இருந்தே ப்ளவுஸ், சுடிதார், பாப்பாங்களுக்கு பட்டுப்பாவாடை எல்லாம் தச்சு குடுக்குறேன். கட்டிங்லேர்ந்து ஹூக்கு வைக்கிற வரைக்கும் வீட்லயே முடிஞ்சிரும், ஓவர்லாக்குக்கு (வெட்டுன ஓரம் பிரியாம நூல் சுத்தி தைக்கறது) மட்டும் துணிய பைல போட்டுகிட்டு பஸ் ஏறி கும்பகோணம் போகணும். முகூர்த்த சீசன்ல அங்க துணி மலையா குவிஞ்சு கெடக்கும், காலைல குடுத்தா சாயங்காலம் வாங்கம்பாங்க, சாயங்காலம் போனா நாளைக்கு வாங்கம்பாங்க. கஸ்டமருக்கு சொன்ன தேதி தள்ளிப்போகுதேன்னு எனக்கு கஷ்டமா இருக்கு.

என்கிட்ட இருக்கறது மோட்டார் வச்ச வீட்டு மிஷின், ஜிக்ஜாக் எல்லாம் வரும். டயல்ல சாதா ஜிக்ஜாக், புள்ளி புள்ளியா உடைஞ்ச ஜிக்ஜாக், அப்பறம் ஒரு பக்கம் நேர்கோடும் இன்னொரு பக்கம் பல்லு பல்லாவும் ஒரு படம் இருக்கு, அதுதான் ஓவர்லாக்னு புக்ல போட்டுருக்கு. ரூபியா துணில பரவால்ல. சில்க் காட்டன், கிரேப், ஜார்ஜெட் போட்டா ஓரம் கயிறு மாதிரி சுருண்டுக்குது. சிலது தச்சு ரெண்டு தடவ துவைச்சதும் தையலோட சேந்து பிரிஞ்சு வெளில வந்துருது. பனியன் துணில தையல் விட்டு விட்டு விழுது.

மிஷினோட குடுத்த பைல நாலஞ்சு பூட் (ஊசிக்கு கீழ துணிய அழுத்தி பிடிக்கிற கால்) இருக்கு, அதுல ஒண்ணுல நடுவுல சின்னதா கம்பி இருக்கு, அது எதுக்குன்னு தெரியல. இந்த மிஷின்லயே கஸ்டமருக்கு குடுக்கற அளவுக்கு ஓரம் போட முடியுமா, இல்ல தனியா ஓவர்லாக் மிஷின் வாங்கித்தான் ஆகணுமா? தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க ப்ளீஸ்.

தாராசுரம்_டெய்லர்:

தாராளமா முடியும்மா. அந்த கம்பி பூட்டுதான் நீங்க தேடுற ஆளு. ஆனா முதல்ல கடை மிஷின் என்ன பண்ணுது, உங்க மிஷின் என்ன பண்ணுதுன்னு புரிஞ்சிகிட்டா மத்ததெல்லாம் தானா வந்துரும்.

கடைல இருக்கற ஓவர்லாக் மிஷின்ல பாபினே (கீழ் நூல் சுத்தி வைக்கற சின்ன உருளை) கெடையாது. மேல ஊசி ஒண்ணோ ரெண்டோ இருக்கும், கீழ லூப்பர்னு ரெண்டு கொக்கி இருக்கும், அந்த ரெண்டும் துணி ஓரத்தை சுத்தி நூலை பின்னிகிட்டே போகும், அதுக்கு முன்னாடியே ஒரு கத்தி ஓரத்தை சீவி விட்டுரும். அதனால எப்பவும் புதுசா வெட்டுன ஓரத்துலதான் நூல் சுத்தும். உங்க மிஷின்ல கத்தி இல்ல, லூப்பர் இல்ல, மேல் நூலும் பாபின் நூலும் பூட்டிக்கிற அதே தையல்தான், ஊசி மட்டும் இடமும் வலமும் ஆடுது. ஊசி வலது பக்கம் துணிக்கு வெளில இறங்கி திரும்ப உள்ள வரும்போது நூல் ஓரத்தை உள்ள இழுக்கும், மெல்லிசு துணி அந்த இழுப்பை தாங்காது, அதான் சுருளுது.

அந்த பூட்டை கையில எடுத்து திருப்பி பாருங்க. வலது பக்கம் ஒரு தகடு கீழ நீட்டிகிட்டு இருக்கும், அது துணி ஓரத்துக்கு அணை, துணிய அதுல ஒட்டி விடணும். அதுக்கு உள்பக்கமா அந்த கம்பி. ஊசி வலது பக்கம் போறப்ப நூல் கம்பிக்கு மேல ஏறி அந்தப்பக்கம் இறங்கும், இறுக்கினாலும் கம்பி முட்டு குடுத்துகிட்டு நிக்கறதால துணி மடங்காது, கீழ பல்லு துணிய பின்னாடி தள்ளத்தள்ள தையல் கம்பிலேர்ந்து வழுக்கி இறங்கிரும். ஒரு அஞ்சாறு தையலை கையால சக்கரத்தை சுத்தி மெதுவா போட்டு பாருங்க, கண்ணுக்கு நல்லா தெரியும்.

ஜானோம் கம்பெனி வகை மிஷின்ல இந்த பூட்ல சி-ன்னு எழுத்து இருக்கும், பிரதர் கம்பெனி மிஷின்ல ஜி. சாதா ஜிக்ஜாக்க இந்த பூட்ல போடறதா இருந்தா தையல் அகலம் 5-ல வைங்க, அதுக்கு கீழ குறைச்சா ஊசி நேரா கம்பி மேல குத்தும், ஊசி உடைஞ்சு கண்ணுக்கு பறக்கும், விளையாட்டு இல்ல. எந்த தையலா இருந்தாலும் மோட்டார் போடறதுக்கு முன்னாடி கையால ஒரு சுத்து சுத்தி ஊசி எங்கயும் இடிக்கலன்னு பாத்துட்டுதான் காலை வைக்கணும்.

உங்க மிஷின்ல கத்தி இல்லாததால கத்தி வேலைய நீங்கதான் செய்யணும். தைக்கறதுக்கு முன்னாடி தொங்கற பிசிறு எல்லாம் நல்ல கத்தரியால ஒரே சீரா வெட்டிருங்க. துவைச்சதும் தையலோட பிரிஞ்சு வருதுன்னீங்களே, பெரும்பாலும் காரணம் ரெண்டு. ஒண்ணு பிசிறு மேலயே தச்சிருப்பாங்க, ஊசிக்கு பிடிக்க இழையே இருந்துருக்காது. இன்னொண்ணு அகலம் பத்தாது. அகலம் கூட இருந்தாத்தான் ஓரத்துலேர்ந்து உள்ள தள்ளி நாலு இழைய சேத்து பிடிக்கும். தையல் நீளம் 2 கிட்ட வைங்க, ரொம்ப நெருக்கி போட்டா ஓரம் விறைப்பா போயிரும், நூலும் வீண். சுருளல் இன்னும் இருந்தா மேல் டென்ஷனை, அதாவது மேல் நூலோட இறுக்கத்தை, கொஞ்சம் கொஞ்சமா குறைங்க.

மாயவரம்_அக்கா:

டெய்லர் அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. நான் சொல்ல வர்றது கிரேப், ஜார்ஜெட் விஷயம், ஏன்னா அந்த துணிக்கு கம்பி பூட்டே போட்டாலும் சில சமயம் திருப்தியா வராது.

அதுக்கு அந்த புள்ளி புள்ளி ஜிக்ஜாக் இருக்குன்னீங்களே, அதை போடுங்கம்மா. சாதா ஜிக்ஜாக் ஒரு பக்கத்துலேர்ந்து மறுபக்கத்துக்கு ஒரே தாவு தாவும், அந்த நீள நூல்தான் மெல்லிசு துணிய இழுத்து சுருட்டுது. இது அதே தூரத்தை மூணு சின்ன தையலா நடந்து போகும், அதனால இழுப்பு குறைவு, துணி தட்டையா கெடக்கும். ஆனா கவனம், இதுக்கு கம்பி பூட் போடக்கூடாது, நடுவுல நடுவுல ஊசி இறங்கறதால கம்பில இடிக்கும். சாதா ஜிக்ஜாக் பூட்டே போதும்.

இதுல வேலையும் தலைகீழ். கம்பி பூட்டுக்கு முதல்ல வெட்டிட்டு ஓரத்துல தைக்கணும், இதுக்கு ஓரத்துலேர்ந்து அரை இஞ்ச் உள்ள தள்ளி தச்சிட்டு அப்பறமா தையலை ஒட்டி வெளில இருக்கறதை வெட்டணும். துணி முழுசா பல்லு மேல படுத்திருக்கறதால ஊசி இறங்கற ஓட்டைக்குள்ள இழுத்துக்காது. வெட்டும்போது கத்தரி நுனிய பாத்து வைங்க, தையல்ல பட்டுட்டா அந்த இடத்துலேர்ந்து பிரிய ஆரம்பிச்சிரும். இதுக்காக கட்டிங்லயே அரை இஞ்ச் கூட விட்டு வெட்டணும்.

அடுத்தது ப்ளவுஸ். நம்ம ஊர்ல யாரும் அளவோட தச்சு குடுக்கறதில்ல, சைடுல ஒண்ணரை இஞ்ச் ரெண்டு இஞ்ச் உள்ள துணி விட்டுதான் தைக்கறோம், நாளைக்கு உடம்பு போட்டா பிரிச்சு விட்டுக்கலாம்னு. இப்ப ரெண்டு துணியையும் சேத்து வச்சு ஓவர்லாக் போட்டுட்டா பிரிக்கறப்ப சைடு தையலையும் பிரிக்கணும், ஓவர்லாக்கையும் பிரிக்கணும், அந்த ஊசி ஓட்டை எல்லாம் பட்டுல அப்படியே நிக்கும். அதனால கட்டிங் முடிஞ்சதும் முன் பாகம், பின் பாகம், கை, இதோட சைடு ஓரத்தை எல்லாம் தனித்தனியா போட்டுருங்க, அப்பறம் சேத்து தைங்க. அயர்ன் பண்றப்பவும் ரெண்டா விரிச்சு அழகா படியும். லைனிங் வச்ச ப்ளவுஸ்னா லைனிங்கையும் மேல் துணியையும் முதல்ல ஒண்ணா ஒட்டி தச்சிட்டு ரெண்டையும் ஒரே ஓரமா நினைச்சு போடணும்.

இங்கதான் நான் வீட்டு மிஷினை கடைய விட ஒரு படி மேலன்னு சொல்லுவேன். கடை மிஷின்ல கத்தி இருக்கு, போடற ஆளு அவசரத்துல கொஞ்சம் உள்ள தள்ளி விட்டா நாம விட்ட ரெண்டு இஞ்ச்ல கால் இஞ்ச் போயிரும், சில நேரம் மடிஞ்சிருக்கற துணிய சேத்து வெட்டிரும். திருபுவனம் பட்டு, 2019-ல புவிசார் குறியீடு வாங்குன சேலை, அதோட வர்ற ப்ளவுஸ் பிட்டை இன்னொருத்தர் கத்திக்கு குடுக்க எனக்கு மனசு வராது. எங்க ஊர் கூறைநாட்டு சேலையும் அப்படித்தான், பட்டும் பருத்தியும் கலந்து நெய்யறதால வெட்டுன ஓரத்துல பட்டு இழை சரசரன்னு வழுக்கி வெளில வரும், வெட்டுன கையோட ஓரம் போட்டுரணும், மடிச்சு வச்சிட்டு நாளைக்கு பாத்துக்கலாம்னா அதுக்குள்ள கால் இஞ்ச் பிரிஞ்சிருக்கும்.

ஜரிகை பார்டர்ல போடறப்ப 11-ம் நம்பர் புது ஊசி மாத்திக்கங்க, ஜரிகை ஊசி முனைய சீக்கிரம் மழுங்க வச்சிரும், மழுங்குன ஊசி பட்டு இழைய இழுத்து கோடு விழ வச்சிரும். ஊசி விலைய பாக்காதீங்கம்மா, பட்டு விலைய பாருங்க.

பட்டுப்பாவாடைக்கு இடுப்பு பக்கம், சைடு மட்டும் போட்டா போதும், கீழ மடிப்புல நிறைய துணி விட்டு கையால தைக்கறதுனால அங்க ஓவர்லாக்கே வேணாம், உள்ள ஒரு மடி மடிச்சிட்டா பிசிறு தெரியாது. குழந்தை வளர வளர இறக்கி விடறப்ப நீங்களே சந்தோஷப்படுவீங்க.

திருத்துறைப்பூண்டி_கால்மிஷின்:

நடுவுல ஒரு கேள்வி, தப்பா எடுத்துக்காதீங்க. என்கிட்ட நேர்த்தையல் மட்டும் வர்ற கருப்பு கால் மிஷின்தான் இருக்கு, எங்க அம்மாவோடது, நல்லா ஓடுது. இதுல ஓரத்துக்கு என்ன பண்ணலாம்? கடைல ஜிக்ஜாக் அட்டாச்மென்ட்னு ஒண்ணு விக்கிறாங்களே அது வேலை செய்யுமா?

மன்னை_பயிற்சி_டீச்சர்:

கால் மிஷின் தங்கச்சிக்கு முதல்ல சொல்லிடறேன். அந்த அட்டாச்மென்ட்ல ஊசி ஆடாது, அது துணியதான் இந்தப்பக்கம் அந்தப்பக்கம் தள்ளும். கெட்டியான காட்டன்ல ஓரளவுக்கு வரும், வழுக்கற துணில ஒழுங்கா வராது. அதை விட நல்ல வழி நேர்த்தையல்லயே இருக்கு. மெல்லிசு துணி, ஜார்ஜெட் டாப் இதுக்கெல்லாம் பிரெஞ்ச் சீம் போடுங்க. துணியோட உள்பக்கம் ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாக்க வச்சு ஓரத்துல கால் இஞ்ச்ல ஒரு தையல், அதுல பாதிய வெட்டி விட்டுட்டு, திருப்பி நல்ல பக்கம் உள்ள போற மாதிரி மடிச்சு மறுபடி கால் இஞ்ச்ல ஒரு தையல். பிசிறு முழுக்க உள்ள அடைஞ்சிரும், வெளில ஒரு நூல் தெரியாது. இதுக்கு அரை இஞ்ச் தையலுக்குன்னு விட்டு வெட்டணும். லைனிங் ப்ளவுஸ்னா லைனிங்கையும் மேல் துணியையும் நல்ல பக்கம் உள்ள வச்சு சைடு ஓரத்தை தச்சு திருப்பிருங்க, ரெண்டு துணியோட வெட்டு ஓரமும் நடுவுல மாட்டிகிட்டு வெளில வராது, பிரிச்சு விடறதுக்கும் வசதி. சாதா காட்டன் உள்பாவாடைக்கு ஓரத்தை மெல்லிசா ஒரு மடி மடிச்சு ஓட்டுனாலே ஆயுசுக்கும் தாங்கும். பல்லு பல்லா வெட்டற கத்தரி நெருக்கமா நெய்த காட்டனுக்கு சரி, பட்டுக்கு அதை நம்பாதீங்க.

இப்ப பனியன் துணி. தையல் விட்டு விட்டு விழறதுக்கு முதல் சந்தேகம் ஊசி மேலதான். சாதா ஊசி கூர்மையா இருக்கும், பின்னலை குத்திகிட்டு போகும், அந்த இடத்துல துணி ஊசியோட சேந்து கீழயும் மேலயும் போய் வரும், நூல் வளையம் சரியா உருவாகாம பாபின் கொக்கிக்கு பிடி கெடைக்காது. பால் பாயிண்ட் ஊசின்னு கேட்டு வாங்குங்க, முனை உருண்டையா இருக்கும், இழைய ஒதுக்கிகிட்டு நடுவுல இறங்கும். ஜானோம்ல நீல ஊசின்னு வரும், அதுவும் இதுக்குதான். வாங்கறப்ப வீட்டு மிஷின் ஊசின்னு சொல்லி வாங்குங்க, தண்டு ஒரு பக்கம் தட்டையா இருக்கணும், கடை பவர் மிஷினோட உருண்டை தண்டு ஊசிய குடுத்துர போறாங்க.

நூல் பாலியஸ்டரா இருக்கட்டும், காட்டன் நூல் பனியன் இழுபடறப்ப அறுந்துரும். துணிய பின்னாடி பிடிச்சு இழுக்காதீங்க, ஓரம் அலை அலையா போயிரும், அது போற வேகத்துக்கு விட்டுருங்க. பூட் அழுத்தம் குறைக்கற திருகு இருந்தா குறைச்சுக்கங்க.

அந்த நேர்கோடும் பல்லும் சேந்த தையல் இருக்கே, அதோட பெருமையே அதுதான், இணைக்கறதும் ஓரம் போடறதும் ஒரே ஓட்டத்துல முடியும். நேர்கோடு துணிய சேக்கும், பல்லு ஓரத்தை பிடிக்கும். ஆனா முன்னும் பின்னும் போய் போய் தைக்கறதால மெதுவாத்தான் நகரும், நூலும் நிறைய குடிக்கும். மெகானிக்கல் டயல்னா நீளத்தை எஸ்எஸ்-னு போட்ட இடத்துல வைக்கணும், இல்லன்னா முன்னும் பின்னும் போகாது, வெறும் வளைவா விழும். பிரிக்கணும்னா உயிர் போயிரும், அதனால ப்ளவுஸ் சைடுக்கு இதை போடாதீங்க, நைட்டி, பசங்க டிஷர்ட், டிராக் பேண்ட் இதுக்கு வச்சிக்கங்க.

தனி மிஷின் வாங்கறதா வேணாமாங்கறதுக்கு என் அபிப்ராயம் இது. ஓவர்லாக் மிஷின் 1880கள்ல அமெரிக்காவுல மெரோங்கற கம்பெனி பின்னல் துணிக்காக கொண்டு வந்தது, இழுபடற துணிக்கு இழுபடற தையல் வேணும்ங்கறதுதான் அதோட பிறப்பே. நெய்த துணில ப்ளவுஸ் தைக்கறவங்களுக்கு அந்த இழுபடற குணம் தேவையே இல்ல, பிசிறு நின்னா போதும், அது வீட்டு மிஷின்ல நிக்கும். நைட்டி ஆர்டர் இல்ல பனியன் துணி ஆர்டர் நிறைய வந்துச்சுன்னா அப்ப தனி மிஷின் வேணும், வேகமும் கெடைக்கும். ப்ளவுஸ்தான் முக்கால்வாசின்னா அந்த காசை பத்திரமா வைங்க. அரசாங்கத்தோட சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு திட்டத்துல இலவச தையல் மிஷின் வாங்குன பொண்ணுங்க நிறைய பேர் என்கிட்ட கத்துக்க வர்றாங்க, அவங்ககிட்டயும் இதைத்தான் சொல்றது, இருக்கற மிஷின்ல சுத்தமா ஓரம் முடிக்க கத்துக்கங்க, கஸ்டமர் ப்ளவுஸை உள்பக்கம் திருப்பி பாத்துட்டுதான் அடுத்த ப்ளவுஸை குடுப்பாங்க.

தாராசுரம்_டெய்லர்:

டீச்சரம்மா சொன்னதுல ஒரு இடத்துல மட்டும் நான் மாறுபடறேன். சுடிதார் நிறைய தைக்கறவங்களுக்கு தனி மிஷின் வேணும். ஒரு சுடிதார் டாப்பும் பேண்ட்டும் சேத்தா ஓரம் எவ்வளவு நீளம்னு பாருங்க, வீட்டு மிஷின்ல அத்தனையும் போட்டா பாபின் மாத்தி மாத்தியே நேரம் போயிரும், சின்ன மோட்டார் சூடாயிரும். ப்ளவுஸுக்கு வீட்டு மிஷின், அதுல எனக்கும் சம்மதம்.

வலங்கைமான்_தையல்:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. கம்பி பூட் போட்டு அகலம் 5, நீளம் 2 வச்சு சில்க் காட்டன் துண்டுல போட்டு பாத்தேன், ஓரம் தட்டையா படுத்துகிச்சு, தேய்ச்சு அலசி காய வச்சும் பிரியல. கிரேப்புக்கு அக்கா சொன்ன மாதிரி உள்ள தள்ளி தச்சிட்டு வெட்டுனேன், கையில பிடிச்சு பாத்தா அவ்வளவு நைஸா இருக்கு. சைடு ஓரத்தை சேத்து தைக்கறதுக்கு முன்னாடியே தனித்தனியா போடறதும் புரிஞ்சுது.

இன்னும் ரெண்டு சந்தேகம். கை இணைக்கிற வளைவுல எப்ப போடணும், முன்னாடியா பின்னாடியா? வளைவுல அந்த அணைத் தகட்டை விட்டு துணி விலகிப்போகுது. அப்பறம், ஓவர்லாக் கோன் நூல் மலிவா கெடைக்குது, அதை நம்ம மிஷின்ல போடலாமா?

மாயவரம்_அக்கா:

கை வளைவு எப்பவும் இணைச்சதுக்கு அப்பறம்மா. முன்னாடியே தனியா போட்டா வளைவு இழுபட்டு பெரிசாயிரும், கை உக்காராது. இணைச்சு, போட்டு பாத்து அளவு சரின்னதும் ரெண்டையும் சேத்து கால் இஞ்ச் விட்டு வெட்டி போடுங்க. அக்குள் கிட்ட யாரும் நிறைய பிரிச்சு விடறதில்ல, அதனால சேத்து போட்டா தப்பில்ல. தைக்கறப்ப துணிய மொத்தமா திருப்பாதீங்க, ஊசிய துணிக்குள்ள இறக்கி நிறுத்தி, பூட்டை தூக்கி, கொஞ்சூண்டு திருப்பி, மறுபடி பூட்டை இறக்குங்க. ஊசி இடது பக்கம் துணிக்குள்ள இருக்கறப்பதான் நிறுத்தணும், வலது பக்கம் வெளில இருக்கறப்ப திருப்புனா நூல் கம்பில சிக்கிக்கும்.

தாராசுரம்_டெய்லர்:

கோன் நூல் ஓரம் போட தாராளமா போடலாம், மெல்லிசா இருக்கறதால ஓரம் தடிக்காது. ஆனா அதே நூலை வச்சு சைடு தையல், கை தையல் போட்றாதீங்க, ஓவர்லாக் மிஷின்ல மூணு நாலு நூல் சேந்து பாரத்தை தாங்கும்னுதான் அதை மெல்லிசா முறுக்கறாங்க, இங்க தனியா நின்னா இறுக்கமான ப்ளவுஸ்ல தையல் விட்டுரும். பாபின்லயும் மேலயும் ஒரே நூலா இருக்கட்டும், ஒண்ணு தடி ஒண்ணு மெல்லிசுன்னா டென்ஷன் நிக்காது. வாங்கறப்ப ஒரு முழம் இழுத்து வெளிச்சத்துல பாருங்க, அங்கங்க முடிச்சும் பஞ்சுமா இருந்தா வேணாம்னு வச்சிருங்க, அந்த பஞ்சு எல்லாம் பாபின் கேஸ்ல போய் அடையும். மழைக்காலத்துல நூலை டப்பால மூடி வைங்க, ஊசிய மிஷின்ல அப்படியே விடாதீங்க துரு பிடிக்கும்.

கோனை மிஷின் மேல இருக்கற ஆணில மாட்டாதீங்க, அது சுத்தாது, நூல் இழுபட்டு டென்ஷன் ஏறும். மிஷினுக்கு பின்னாடி ஒரு டம்ளர்ல நிக்க வச்சு, சுவத்துல ஒரு சின்ன கொக்கி அடிச்சு, நூலை நேரா மேல தூக்கி அந்த கொக்கி வழியா மிஷினுக்கு கொண்டு வாங்க, அப்பறம் வழக்கமா கோக்கற மாதிரி கோத்துக்கங்க.